ஏழு கதவு, எந்தப் பூட்டு? குழம்பிப் போய் நிற்கிறேன்

புதுவாசல்:
வணக்கம். வீட்டு வேலை கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. கதவுகள் மாட்டியாகிவிட்டன, பூட்டு மட்டும் நான் சொல்ல வேண்டும். முன்வாசல், பின்வாசல், மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை, ஆக ஏழு. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கைப்பிடிப் பூட்டாகப் போட்டால் பார்க்கச் சீராக இருக்கும் என்று நினைத்தேன். முன்வாசலுக்கு மட்டும் கைரேகைப் பூட்டு. கடையில் கேட்டால் "ஐந்து லீவர், ஏழு லீவர்" என்று எண்ணிக்கை சொல்கிறார்கள். எண்ணிக்கை கூடினால் பாதுகாப்பும் கூடுமா? வீட்டில் எழுபது தாண்டிய அம்மா இருக்கிறார், நாலு வயதுப் பையன் இருக்கிறான். பின்வாசல் கதவின் மேல்பாதி கண்ணாடி.

சாவிக்கொத்து:
பூட்டு வேலையில் பல வருடம் ஓட்டியவன். ஒரே மாதிரி என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். ஒவ்வொரு கதவிடமும் நான் கேட்பது இரண்டு கேள்வி. யாரை வெளியே நிறுத்த வேண்டும்? உள்ளே இருப்பவர் எவ்வளவு சீக்கிரம் வெளியே வர வேண்டும்? முன்வாசலுக்கும் குளியலறைக்கும் இதற்கு ஒரே பதில் வராது. அப்புறம் பூட்டு மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்?

லீவர் என்பது உள்ளே அடுக்கியிருக்கும் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு இருக்கும். சாவி எல்லாத் தகடுகளையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால் வெட்டுகள் வரிசையாக நிற்கும், போல்ட்டின் (கதவிலிருந்து நீண்டு நிலைக்குள் போகும் இரும்பு நாக்கு) முளை அதற்குள் புகுந்து நகரும். குறைவாகத் தூக்கினாலும் நகராது, கூடத் தூக்கினாலும் நகராது. தகடு கூடக்கூடக் கள்ளச்சாவி போடுவது கஷ்டம், அது உண்மைதான். ஆனால் தளர்வாகச் செய்த ஏழு லீவரை விட இறுக்கமாகச் செய்த ஐந்து லீவர் மேல். வெளிக்கதவுக்கு ஐந்துக்குக் குறையாமல் பாருங்கள், அதற்கு மேல் எண்ணிக்கையைத் துரத்த வேண்டாம்.

லீவரை விட முக்கியமானது போல்ட். கதவைச் சாத்தியதும் தானாக 'டக்' என்று விழுகிறதே, சாய்வாகச் சீவிய நாக்கு, அது லாட்ச். பின்னால் சுருள்வில் மட்டும்தான் இருக்கிறது. இடுக்கில் ஒரு பிளாஸ்டிக் அட்டையை நுழைத்துத் தள்ளினாலே பின்வாங்கிவிடும். சில லாட்ச்சில் பக்கத்திலேயே ஒரு சின்னக் கம்பி இருக்கும், கதவு சாத்தியபின் அது அழுந்தி நாக்கைப் பின்வாங்க விடாது. அது இல்லாத லாட்ச்சை மட்டும் நம்பி வெளிக்கதவை விட்டுப் போகாதீர்கள். சாவியையோ திருகையோ (உட்பக்கம் சாவி இல்லாமல் விரலால் திருப்பும் பிடி) திருப்பினால் மட்டும் வெளியே வரும் சதுர முனை போல்ட், அதாவது டெட்போல்ட், கட்டாயம் வேண்டும். முழுதாக நீட்டினால் 20 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 25 இருந்தால் நல்லது.

மரத்தூள்:
சாவிக்கொத்து அண்ணா சொன்னதெல்லாம் சரி. ஆனால் கதவைப் பற்றி யாரும் பேசவில்லையே! நான் தச்சு வேலைக்காரன், உடைத்துத் திறந்த கதவுகளைச் சரி செய்யக் கூப்பிடுவார்கள். பூட்டு உடைந்து நான் பார்த்தது குறைவு. பூட்டு முழுசாக இருக்கும், நிலை பிளந்து கிடக்கும். போல்ட் போய் உட்காரும் தகட்டை அரை விரல் நீளத் திருகாணி இரண்டில் மாட்டியிருப்பார்கள். ஒரு நல்ல உதை, மரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பூட்டுப் பெட்டியில் வரும் அந்தக் குட்டித் திருகாணிகளைத் தூரப் போடுங்கள். கனமான நிலையாக இருந்தால் 50 மி.மீ. போதும். நிலை மெலிசு, பின்னால் மரச்சட்டம் இருக்கிறது என்றால் அந்தச் சட்டத்தையே பிடிக்கும்படி 75 மி.மீ. போடுங்கள். கீல் பக்கமும் இதே கதைதான். பூட்டுப் பக்கம் மலை மாதிரி நின்று கீல் பக்கம் பெயர்ந்த கதவும் உண்டு.

புதுவாசல், கதவின் தடிமன் என்ன? மார்ட்டிஸ் பூட்டு கதவைக் குடைந்து உள்ளே வைப்பது. 30 மி.மீ. கதவில் 15 மி.மீ.க்குக் குடைந்தால் இரண்டு பக்கமும் ஏழரை ஏழரைதான் மிச்சம். பூட்டைப் போட்டுக் கதவை ஓட்டையாக்கிய கணக்கு.

நாலாம்பேட்டரி:
எல்லாரும் இரும்பையே பேசுகிறீர்கள். நான் நான்கு வருடமாக எண் அழுத்தும் பூட்டு வைத்திருக்கிறேன். சாவியைத் தொலைப்பதில்லை, "பூட்டினோமா?" என்று பாதி வழியில் திரும்புவதில்லை. வேலைக்கு வருபவருக்குத் தனி எண் கொடுத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். சாவியை அப்படித் திரும்ப வாங்க முடியுமா? வாங்கினாலும் நகல் எடுக்கவில்லை என்று எப்படித் தெரியும்?

மரத்தூள்:
மழைக்காலத்தில் மரம் ஊதிக் கதவு இறுகும்போது உங்கள் மோட்டார் என்ன செய்யும், தம்பி? கையால் என்றால் கதவைத் தோளால் ஒரு தள்ளு தள்ளிக்கொண்டே சாவியைத் திருப்புவோம். மோட்டாருக்குத் தோள் இல்லை.

நாலாம்பேட்டரி:
ஹா ஹா, அது நியாயம். எனக்கே இரண்டாவது வருடம் அப்படி ஆனது. போல்ட் தகட்டில் உரசி உரசி, ஒரு வருடம் வரும் பேட்டரி இரண்டு மாதத்தில் தீர்ந்தது. தகட்டு ஓட்டையைக் கொஞ்சம் அரம் போட்டு அகலப்படுத்தியதும் சரியாகிவிட்டது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மறுபடி சார்ஜ் ஏற்றும் பேட்டரி போடாதீர்கள். சாதாரண அல்கலைன் 1.5 வோல்ட், அது 1.2தான். பூட்டு அதன் மிச்சத்தைத் தப்பாகக் கணக்கிடும், எச்சரிக்கையே வராமல் ஒருநாள் நின்றுவிடும். வாங்கும்போது சாவித்துளை இருக்கிறதா, அல்லது வெளியிலிருந்து 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டு உயிர் கொடுக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாததை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மாடிப்படி:
கைரேகை பற்றி ஒரு வார்த்தை. என் மாமியாரின் விரலைப் பூட்டு பத்துக்கு ஆறு முறை ஏற்காது. வயதானவர்களின் ரேகை தேய்ந்து, தோல் உலர்ந்து போயிருக்கும். ஈரக் கை என்றாலும் அடம் பிடிக்கும். அவர் வெளியே நின்று விரலை மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கடைசியில் அவருக்கு எண் சொல்லிக் கொடுத்தோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அதற்கு முந்தைய வீட்டில் இரண்டு பக்கமும் சாவி போடும் சிலிண்டர் பூட்டு, அதாவது லீவர் தகடுகளுக்குப் பதில் சாவி நுழையும் தனி உருளைத் துண்டு வைத்த வகை. மாமியார் உள்ளே பூட்டிவிட்டுச் சாவியை அதிலேயே விட்டுவிடுவார். ஒருநாள் அவர் மயங்கி விழுந்துவிட்டார். என் கையில் சாவி இருக்கிறது, வெளியிலிருந்து போட்டால் பாதிக்கு மேல் நுழையவில்லை. உள்ளே இன்னொரு சாவி நிற்கிறதே! கடைசியில் ஜன்னலை உடைத்துப் போனோம். அவர் நன்றாக இருக்கிறார், அது வேறு விஷயம். கையில் சாவியோடு கதவுக்கு வெளியே நின்ற அந்த இருபது நிமிடம் எனக்கு மறக்காது.

சாவிக்கொத்து:
மாடிப்படி அக்கா சொன்னதைப் புதுவாசல் இரண்டு முறை படிக்கவும். இது சாதாரண சிலிண்டரின் குணம், பழுது இல்லை. இதற்கென்றே இரட்டை கிளட்ச் சிலிண்டர் வருகிறது. உள்ளே சாவி நின்றாலும் வெளிச்சாவி வேலை செய்யும். வாங்கும்போது அப்படிச் சொல்லிக் கேளுங்கள், கடையிலேயே இரண்டு சாவியையும் போட்டுத் திருப்பிப் பாருங்கள். இன்னொரு வழி, உட்பக்கம் சாவிக்குப் பதில் திருகு. உள்ளே விட்டுவைக்கச் சாவியே இல்லை. தீ, புகை என்றால் இருட்டில் சாவி தேட வேண்டாம், கை வைத்ததும் திறந்துவிடும். ஆட்கள் தூங்கும் வீட்டில் என் முதல் சிபாரிசு இதுதான்.

புதுவாசல்:
நன்றி. ஆனால் பின்வாசலில் கண்ணாடி இருக்கிறதே? உடைத்துக் கையை விட்டால் திருகு எட்டும். முன்வாசலில் திருகு போட்டால் பையன் ஸ்டூலைப் போட்டு ஏறித் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விடுவான் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

சாவிக்கொத்து:
இரண்டும் சரியான கவலை. முன்வாசலில் திருகு, அதோடு பெரியவர்கள் தோளுக்கு மேல் கை நீட்டினால் எட்டும் உயரத்தில் ஒரு டவர் போல்ட், கையால் தள்ளும் நீளத் தாழ்ப்பாள். பையன் வளர்ந்ததும் அதைச் சும்மா விட்டுவிடலாம். பின்வாசலுக்கு இரட்டை கிளட்ச், இரண்டு பக்கமும் சாவி. உட்சாவியைக் கண்ணாடிக்குள் கை விட்டால் எட்டாத இடத்தில் ஒரு ஆணியில் மாட்டுங்கள். ஆனால் எப்போதும் அதே ஆணி. வீட்டில் எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தெரிய வேண்டும். கண்ணாடியை மாற்ற முடியுமானால் நடுவே படலம் வைத்து ஒட்டிய லாமினேட்டட் கண்ணாடி போடுங்கள். விரிசல் விடும், சட்டென்று ஓட்டை விழாது.

துருப்பிடித்தவன்:
நடுவே ஒரு பழங்கதை. இந்த லீவர் விஷயம், கூடத் தூக்கினாலும் திறக்காது என்று அண்ணா சொன்னாரே, அதை 1778-இல் ராபர்ட் பாரன் என்ற இங்கிலாந்துக்காரர் காப்புரிமை செய்தார். அதன்பின் ஜோசப் பிராமா ஒரு பூட்டுச் செய்து, திறப்பவருக்கு 200 கினி (அந்தக் கால ஆங்கிலேயப் பொற்காசு) பரிசு என்று லண்டனில் தன் கடைக் கண்ணாடியில் வைத்தார். அறுபது வருடத்துக்கு மேல் யாராலும் முடியவில்லை. 1851-இல் பெரும் கண்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் திறந்துவிட்டார். பதினாறு நாளில் பிரித்துப் பிரித்து மொத்தம் 51 மணி நேரம் ஆனது. நாம் இன்று கையில் வைத்திருக்கும் தட்டைச் சாவி, உள்ளே குட்டிக் குட்டி முளைகள் ஏறி இறங்கும் சிலிண்டர், அதெல்லாம் லைனஸ் யேல் இளையவரின் 1861 காப்புரிமையிலிருந்து வந்தது. திறக்கவே முடியாத பூட்டு என்று எவராவது விற்றால் ஹாப்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தூள்:
51 மணி நேரம் ஒரு ஆள் நம் வாசலில் உட்கார்ந்திருந்தால் பக்கத்து வீட்டார் கேட்க மாட்டார்களா என்ன!

துருப்பிடித்தவன்:
அதுதானே விஷயமே. பூட்டு நமக்கு வாங்கித் தருவது நேரம். திருடனுக்கு நேரமும் பிடிக்காது, சத்தமும் பிடிக்காது.

இரவுக்காவல்:
சத்தமே இல்லாமல் உடைக்கும் வழியும் இருக்கிறது. சிலிண்டர் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கருவியால் கவ்வி ஒரு முறுக்கு, பாதியில் உடைந்துவிடும். நடுவில் திருகாணித் துளை இருக்கும் இடம்தான் அதன் மெலிந்த இடம். என் பழைய வீட்டில் இப்படித்தான் வந்தார்கள். பூட்டு போட்ட ஆள் கையில் இருந்த அளவைப் போட்டுவிட்டுப் போயிருந்தார், கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வெளியே நீட்டியது. எனக்கு அது தப்பு என்றே தெரியாது. பளபளவென்று அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

சாவிக்கொத்து:
இதைப் பலரும் கவனிப்பதே இல்லை, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சிலிண்டரை முழு நீளத்தில் கேட்காதீர்கள். நடுத் திருகாணித் துளையிலிருந்து வெளிப்பக்கம் எவ்வளவு, உட்பக்கம் எவ்வளவு என்று இரண்டு எண் சொல்ல வேண்டும். 30/30, 30/40 என்று பெரும்பாலும் ஐந்து ஐந்தாக ஏறும். கணக்கு இப்படி: 40 மி.மீ. கதவு, பூட்டு சரியாக நடுவில் இருக்கிறது, இரண்டு பக்கமும் 8 மி.மீ. கைப்பிடித் தகடு. பாதிக் கதவு 20, தகடு 8, ஆக 28. அப்படியானால் 30/30. இரண்டு மி.மீ. நீட்டும், பரவாயில்லை. மூன்றுக்கு மேல் நீட்டக் கூடாது. வெளிப்பக்கத் தகட்டின் திருகாணிகளும் வெளியே தெரியக் கூடாது, உள்ளிருந்துதான் முடுக்க வேண்டும்.

முறித்தாலும் முன்துண்டு மட்டும் கழன்று மிச்சம் பூட்டியபடியே நிற்கும் சிலிண்டர்களும் உண்டு. முன்பக்கம் துரப்பணத்தைத் திருப்பி அனுப்ப கெட்டி எஃகு முளைகள் வைத்திருப்பார்கள். பிரிட்டனில் இந்த மாதிரிச் சோதனைக்கு நட்சத்திரம் போடுவார்கள், மூன்று நட்சத்திரம்தான் உச்சம். அமெரிக்கத் தரத்தில் 1, 2, 3 என்று இருக்கும், அங்கே 1தான் மேல். குழப்பிக்கொள்ளாதீர்கள். எந்தத் தரமுத்திரையும் இல்லாமல் "அதிபாதுகாப்பு" என்று மட்டும் அச்சடித்திருந்தால் அது அட்டைப்பெட்டியின் பாதுகாப்பு.

புதுவாசல்:
இப்போதுதான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டு வருகிறேன். கேட்டால் சிரிப்பீர்கள். முன்வாசல் 40 மி.மீ., கைப்பிடித் தகடு 8. சாவிக்கொத்து அண்ணா எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்த மாதிரி இருக்கிறது. கடைக்காரர் எனக்கு எடுத்து வைத்திருப்பது 35/35! ஒரு பக்கத்துக்கு 7 மி.மீ. நீட்டும். நிலையில் மாட்டிய தகட்டைக் கழற்றிப் பார்த்தேன், திருகாணி 16 மி.மீ. அதிலும் ஒன்று சாய்ந்து போய் மரத்தைப் பிடிக்கவே இல்லை. படுக்கையறைக் கதவுகள் 30தான்.

மரத்தூள்:
30 மி.மீ. படுக்கையறைக் கதவுக்கு மார்ட்டிஸ் வேண்டாம். உருளைப் பூட்டு போடுங்கள், கதவில் வட்டத் துளை போட்டு மாட்டுவது, குமிழோ கைப்பிடியோ உங்கள் இஷ்டம். அந்தத் தடிமனுக்குப் பொருந்துமா என்று மட்டும் பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவின் அறைக்குக் கைப்பிடிதான். மூட்டு வலிக்கும் கையால் குமிழைப் பிடித்துத் திருகுவது பெரிய பாடு, கைப்பிடி என்றால் முழங்கையால்கூட அழுத்தித் திறக்கலாம். ஒன்று கேட்கிறேன், கதவு உள்கூடா, முழு மரமா? உள்கூடு என்றால் பூட்டு வரும் இடத்தில் மட்டும் மரக்கட்டை வைத்திருப்பார்கள். அது எந்தப் பக்கம் என்று தெரியாமல் குடையாதீர்கள்.

மாடிப்படி:
குளியலறையை யாரும் தொடவில்லை. உள்ளே தாழ்ப்பாள் மட்டும் போடாதீர்கள். சின்னப் பையன் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழுவான், நமக்குக் கதவை உடைப்பதைத் தவிர வழி இருக்காது. உள்ளே திருகு, வெளியே நாணயத்தால் திருப்பும்படி ஒரு வெட்டு, அந்த மாதிரி போடுங்கள். அம்மாவுக்கும் அதுவே நல்லது. முடிந்தால் அந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் உள்ளே தள்ளும் கதவைத் திறக்க முடியாது.

நாலாம்பேட்டரி:
அப்படியானால் முன்வாசலுக்குக் கைரேகை வேண்டவே வேண்டாம் என்கிறீர்களா?

மரத்தூள்:
வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போது வேண்டாம். புதுக் கதவு. ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் பார்க்கட்டும். எவ்வளவு ஊதுகிறது, எவ்வளவு சுருங்குகிறது, எங்கே உரசுகிறது என்று தெரிந்ததும் இழைத்துச் சரி செய்துவிட்டு மின்பூட்டு போடுங்கள். அப்போதும் டெட்போல்ட்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாம்பேட்டரி:
இதற்கு நான் ஒத்துக்கொள்கிறேன். என் பூட்டும் மழையில்தான் படுத்தியது.

இரவுக்காவல்:
வெளிக்கதவு வெளிப்பக்கம் திறப்பதா? அப்படியானால் கீல் முளை தெருவைப் பார்த்து இருக்கும், தட்டி எடுத்துவிடலாம். முளை கழலாத கீல் போடுங்கள், அல்லது கீல் பக்கக் கதவுத் தடிமனில் ஒரு எஃகு முளை அறைந்து நிலையில் அதற்குத் துளை போடுங்கள். சாத்தியதும் அது உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

புதுவாசல்:
இல்லை, இரண்டும் உள்பக்கம்தான் திறக்கும். சந்தேகம் ஒன்று: சாவி இப்போதே கொஞ்சம் இறுக்கமாகத் திரும்புகிறது. எண்ணெய் விடலாமா?

சாவிக்கொத்து:
சமையல் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எதுவும் வேண்டாம். முதலில் வழுக்கும், பிறகு தூசியைப் பிடித்து உள்ளே களியாகிவிடும். கிராஃபைட் தூள் போதும். கிடைக்கவில்லை என்றால் மெத்தென்ற பென்சிலைச் சாவியின் வெட்டுகளில் நன்றாகத் தேய்த்துப் பத்து முறை போட்டு எடுங்கள். ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டில் கிராஃபைட் போட்டால் இரண்டும் சேர்ந்து பசையாகும், கவனம். அதற்கு முன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். அப்போது லேசாகத் திரும்பினால் பூட்டில் குறை இல்லை, போல்ட்டும் தகடும் நேராக இல்லை.

புதுவாசல்:
திறந்து வைத்தால் வெண்ணெய் மாதிரி திரும்புகிறது! தகடுதான்.

மரத்தூள்:
போல்ட் முனையில் சுண்ணாம்பையோ கிரேயானையோ தடவிக் கதவைச் சாத்திப் பூட்டப் பாருங்கள். தகட்டில் எங்கே கறை விழுகிறதோ அங்கே அரம் போடுங்கள். நீண்ட திருகாணியை அதற்குப் பிறகு முடுக்குங்கள், முதலிலேயே முடுக்கினால் இரண்டு வேலை.

புதுவாசல்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். முன்வாசல்: ஐந்து லீவர் எண்ணம் போய், 30/30 சிலிண்டரோடு மார்ட்டிஸ், 25 மி.மீ. போல்ட், உள்ளே திருகு, மேலே டவர் போல்ட். தகட்டுக்கு 50 மி.மீ. திருகாணி நான்கு. பின்வாசலுக்கு இரட்டை கிளட்ச். வெளிச்சாவி இரண்டு கதவுக்கும் ஒன்றே வரும்படி கேட்டு வாங்கினேன், கொத்து பாதியாகிவிட்டது. படுக்கையறைகளுக்குக் கைப்பிடி. குளியலறைகளுக்கு மாடிப்படி அக்கா சொன்ன நாணயப் பூட்டு. பையன் இரண்டாம் நாளே உள்ளே பூட்டிக்கொண்டான், ஒரு நாணயத்தில் வேலை முடிந்தது.

மாடிப்படி:
அம்மா பின்வாசல் சாவியை ஆணியில் மாட்டுகிறாரா?

புதுவாசல்:
எங்கே! நேற்று மாலை வந்து பார்க்கிறேன், உள்ளே பூட்டிவிட்டுச் சாவியைத் துளையிலேயே விட்டுவிட்டுத் தூங்குகிறார். வெளியிலிருந்து என் சாவியைப் போட்டேன். முழுதாக உள்ளே போய்த் திரும்பியது. அவர் விழிக்கக்கூட இல்லை. எழுந்ததும் ஆணிப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.